தரவுத்தளத்தில் பெரிய பைனரி தரவைக் கையாளுதல்

படம், ஒலி, ஸ்கேன் செய்த ஆவணம் போன்ற பைனரி தரவை அட்டவணையில் சேமிக்கும் முன், நெடுவரிசையின் கொள்ளளவை முதலில் சரிபார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் நெடுவரிசையின் வகையை 'பிளாப்' (பைனரி தரவுக்கான வகை) என்று மட்டும் அறிவித்தால் அது 65,535 பைட்டுகளையே ஏற்கும். பொருந்தாத தரவைப் பிழையென்று நிராகரிக்கும் 'கண்டிப்பு முறை' அணைக்கப்பட்டிருந்தால், அதைவிடப் பெரிய படம் வெறும் எச்சரிக்கையோடு வெட்டப்பட்டுச் சேமிக்கப்படும். மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் படம் திறந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'லாங்பிளாப்' ஏறத்தாழ 4 ஜிபி வரை கொள்ளும்.

போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளில் இரண்டு வழிகள் உள்ளன. சில எம்பி அளவுள்ள கோப்புகளுக்கு 'பைட்டியே' வகையே போதும் என்பது என் உறுதியான கருத்து. வரிசையை அழித்தால் தரவும் உடன் அழிந்துவிடும். மிகப் பெரிய கோப்புகளுக்கு 'லார்ஜ் ஆப்ஜெக்ட்' வசதி 4 டிபி வரை இடமளிப்பதோடு, வேண்டிய பகுதியை மட்டும் துண்டு துண்டாகப் படிக்கவும் விடுகிறது. ஆனால் அட்டவணையில் அதன் அடையாள எண் மட்டுமே இருப்பதால், வரிசையை அழித்தாலும் தரவு அப்படியே தங்கிவிடும். அதை நீக்க 'எல்ஓ_அன்லிங்க்' செயற்கூற்றை அழைக்க வேண்டும், அல்லது அதற்கென ஒரு டிரிகர் (வரிசை அழியும்போது தானாக இயங்கும் நிரல்) அமைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், எந்த வரிசையோடும் தொடர்பற்ற தரவு சேரச் சேரக் காப்புப் பிரதியும் பருத்துவிடும்.

எந்தத் தரவுத்தளமானாலும் பைனரி நெடுவரிசையைத் தனி அட்டவணையில் வையுங்கள். பெயர்ப் பட்டியலைக் காட்ட எழுதிய வினவல், எல்லா நெடுவரிசைகளையும் கேட்பதாக அமைந்துவிட்டால், ஒவ்வொரு வரிசையோடும் முழுக் கோப்பையும் இழுத்து வரும்.