கெர்னல் கட்டமைவில் சேமிப்பு இயக்கிகளின் தேவையைப் பதிவுசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொகுத்த லினக்ஸ் கெர்னலுடன் (இயங்குதளத்தின் மையக்கருவுடன்) சேவையகத்தை மறுதொடக்கம் செய்ததும், ரூட் கோப்பு முறைமையை (கணினியின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் இடத்தை) ஏற்ற இயலவில்லை என்ற பேனிக் செய்தியோடு, அதாவது கெர்னல் மேற்கொண்டு இயங்க முடியாமல் நின்றுவிட்டதைச் சொல்லும் செய்தியோடு, திரை உறைந்து நிற்பதை நிர்வாகிகள் பலரும் கண்டிருப்பார்கள். இத்தனைக்கும் தேவையான இயக்கியின் பெயர் கெர்னல் கட்டமைவை விளக்கும் ஆவணத்தில் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். அந்த இயக்கிக்கு மேலும் கீழும் எவை தேவை, அவை எந்தக் கட்டத்தில் தேவை என்பதுதான் எழுதப்பட்டிருக்காது.

வட்டை இணைக்கும் கட்டுப்படுத்தியின் இயக்கியை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்வதே மிகப் பரவலான தவறு. ஒரு சாட்டா வட்டை எடுத்துக்கொள்வோம். சாட்டா கட்டுப்படுத்திக்கான ஏஹெச்சிஐ இயக்கி இருந்தால் போதும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் லினக்ஸின் லிப்ஏடிஏ அடுக்கு சாட்டா வட்டுகளை ஸ்கசி வட்டுகளாகவே மேலே காட்டுகிறது. ஆகவே ஸ்கசி அடுக்கும், ஸ்கசி வட்டு இயக்கியும் இல்லாவிட்டால், கட்டுப்படுத்தி அடையாளம் காணப்பட்ட பின்னரும் வட்டு தென்படாது. வட்டு தென்பட்டாலும் ஜிபிடி பகிர்வு அட்டவணைக்கான ஆதரவு இல்லையெனில் பகிர்வுகள் தென்படா. அதற்கும் மேலே எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைக்கான ஆதரவு இருக்க வேண்டும். இடையில் எல்விஎம்மோ (வட்டிடத்தைத் தொகுத்துப் பிரிக்கும் அடுக்கு) குறியாக்கமோ இருந்தால் அவற்றுக்கு அடித்தளமான டிவைஸ் மேப்பரும் இச்சங்கிலியில் சேர்ந்துகொள்கிறது. பிசிஐ வழியே இணையும் என்விஎம்இ வட்டுக்கு ஸ்கசி அடுக்கு தேவையில்லை என்பதால் அதன் சங்கிலி குறுகியது. எனினும் சில இன்டெல் கணினிகளில் பயாஸ் அமைப்பில் விஎம்டி (என்விஎம்இ வட்டுகளை இடையில் நின்று ஆளும் இன்டெல் வசதி) இயக்கப்பட்டிருந்தால், விஎம்டி இயக்கி இல்லாமல் அந்த வட்டு கெர்னலின் கண்ணிலேயே படாது. பயாஸில் என்ன தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கெர்னல் ஆவணத்தில் எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதை மாற்றினால் தேவையான இயக்கியும் மாறிவிடுகிறது.

அடுத்தது, ஓர் இயக்கி கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட வேண்டுமா, மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றப்படும் தனிக் கோப்பாக) இருக்கலாமா என்பதைக் காரணமின்றிக் குறிப்பது. ரூட் கோப்பு முறைமையை எட்டுவதற்குத் தேவையான இயக்கி, அதே கோப்பு முறைமைக்குள் மாட்யூலாகக் கிடந்தால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் கெர்னலுடன் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமை) இருந்தால், அதில் அந்த மாட்யூல் சேர்க்கப்பட்டிருக்கும் வரையில், இது சிக்கலாகாது. எனவே மாட்யூலைக் குறிக்கும் “எம்” என்ற ஒற்றை எழுத்தோடு, இனிட்ராம்எஃப்எஸ்ஸை நம்பியே இத்தேர்வு செய்யப்பட்டது என்ற ஒரு வரியும் ஆவணத்தில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், பின்னால் வருபவர் இனிட்ராம்எஃப்எஸ் தேவையற்ற சுமை என்று நினைத்து நீக்கிவிடக்கூடும். ரூட் பகிர்வைக் கோப்பு முறைமையின் யுயுஐடி (தனித்த அடையாள எண்) கொண்டு குறித்திருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: பகிர்வுக்குரிய பார்ட்யுயுஐடியைக் கெர்னல் தானே புரிந்துகொள்ளும், கோப்பு முறைமையின் யுயுஐடியைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை.

சேமிப்புக் கட்டுப்படுத்தி அட்டையின் வணிகப் பெயரை மட்டும் எழுதுவதும் பயன் தராது. டெல்லின் பெர்க் வரிசையில் ஹெச்200 எம்பிடி குடும்ப இயக்கியையும், ஹெச்700 மெகாரெய்ட் இயக்கியையும் நாடுகின்றன. “பெர்க் அட்டை” என்ற குறிப்பைக் கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது? பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் பிசிஐ அடையாள எண்களையும், அப்போது பயன்பாட்டிலிருக்கும் இயக்கியின் பெயரையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

முழுக் கட்டமைவுக் கோப்பையே ஆவணமாகக் கருதுவோரும் உண்டு. ஆயிரக்கணக்கான வரிகளில் எது வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது, எது இயல்பாக அமைந்தது என்று எவராலும் பிரித்தறிய இயலாது. மேலும், பழைய கோப்பைப் புதிய கெர்னலுக்குக் கொண்டுசென்று, புதிய தேர்வுகளை இயல்பு மதிப்புகளால் நிரப்பும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் என்ற மேக் இலக்கை இயக்கினால், சார்புகள் நிறைவேறாத தேர்வுகள் ஓசையின்றி மறைந்துவிடும். பழைய ஐடிஇ வட்டு இயக்கித் தொகுதி கெர்னலின் 5.14 பதிப்பில் நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய வரிகளுக்கு அதன்பின் பொருளே இல்லை. லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற மற்றொரு இலக்கைக் கொண்டு கட்டமைவைச் சுருக்குவோருக்கும் இங்கே ஒரு பொறி இருக்கிறது: அது அந்நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களையே கணக்கில் கொள்ளும் என்பதால், அன்று செருகப்படாத யுஎஸ்பி காப்பு வட்டின் இயக்கி விடுபட்டுப் போகலாம். இயங்கும் கணினியிலிருந்து தானே திரட்டிய பட்டியலோடு, எப்போதாவது மட்டும் இணைக்கப்படும் சாதனங்களையும் கையால் சேர்த்து எழுதுவதுதான் இதற்கு வழி.

பேனிக் செய்தியின் இறுதியில் வரும் சாதன எண்களுக்கும் ஆவணத்தில் ஓர் இடம் ஒதுக்கலாம். (0,0) என்றிருந்தால் பெரும்பாலும் கெர்னலுக்குச் சாதனமே அகப்படவில்லை. இயக்கியையும் பகிர்வு ஆதரவையும் பார்க்க வேண்டும். (8,1) என்றிருந்தால் முதல் ஸ்கசி வட்டின் முதற்பகிர்வு பெரும்பாலும் கிடைத்துவிட்டது. அங்கே முதலில் ஆராய வேண்டியது கோப்பு முறைமைக்கான ஆதரவை.