இங்கிலாந்தில் இணையவழி நீதிமன்றம்: பண வழக்குத் தொடுப்போரும் வழக்கை எதிர்கொள்வோரும் அறிய வேண்டியவை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பணம் தொடர்பான சிறிய வழக்குகளைப் பெரும்பாலும் நீதிமன்றப் படியேறாமலே, அரசின் இணையத்தளம் வழியாகத் தொடுக்கவும் அவற்றுக்குப் பதிலளிக்கவும் முடிகிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு முறைகள் உள்ளன. கைமாற்றாகக் கொடுத்த காசு திரும்பி வராதபோதும், முற்பணம் வாங்கியவர் வீட்டுத் திருத்த வேலையைப் பாதியில் விட்டுப் போனபோதும், சீட்டுப் பிடித்தவர் கையை விரித்தபோதும் இந்த வழி உதவும். சம்பளப் பாக்கியை மட்டும் முதலில் தொழில் தீர்ப்பாயத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே காலக்கெடு மிகக் குறுகியது.

வழக்குத் தொடுப்பதைவிட, உங்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கை அறியாமல் இருப்பதே பெரிய ஆபத்து. நீதிமன்றக் கடிதம் நீங்கள் கடைசியாக வசித்ததாக வழக்காளி அறிந்த முகவரிக்கு அனுப்பப்படலாம். இந்நாட்டுக்கு வந்த முதலாண்டிலேயே மூன்று அறை மாறியவருக்கு அது கைக்கு வராமலே போகலாம். ஆனால் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். வழக்குப் பதிவான ஐந்தாம் நாளில் கடிதம் கிடைத்ததாகக் கருதப்பட்டு, அதிலிருந்து 14 நாட்களுக்குள் பதில் கேட்கப்படும். அந்தக் கெடுவுக்குள் நீங்கள் கூடுதல் அவகாசம் கோரினால் அது 28 நாட்களாகும். பதிலே இல்லையென்றால் வழக்காளியின் வேண்டுகோளின்படி, விசாரணையின்றியே தீர்ப்பு வழங்கப்படலாம். அத்தீர்ப்பை ஒரு மாதத்துக்குள் முழுமையாகச் செலுத்தித் தீர்க்காவிட்டால் அது, கடன் தகுதியைச் சரிபார்ப்போர் பார்க்கும் நீதிமன்றத் தீர்ப்புப் பதிவேட்டில் ஆறு ஆண்டுகள் நிற்கும். வீடு வாடகைக்கு எடுக்கும்போதோ கைத்தொலைபேசி ஒப்பந்தம் போடும்போதோதான் பலருக்கு அது தெரியவருகிறது. ஆகவே வீடு மாறும் ஒவ்வொரு முறையும் வங்கிக்கும், மின்சார, எரிவாயு நிறுவனங்களுக்கும், உள்ளூராட்சி மன்றத்துக்கும் புதிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள். கடிதம் கிடைத்தால், அதிலுள்ள வழக்கு எண்ணைக் கொண்டு அன்றே அந்த இணையத்தளத்தில் கணக்கைத் திறந்து, முழுக் கடனையும் ஏற்கிறீர்களா, ஒரு பகுதியை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று பதிலளிக்கலாம். ஏற்றுக்கொண்டு தவணை முறையில் செலுத்த அனுமதி கேட்பதும் ஒரு பதில்தான்.

நீங்களே வழக்காளியாக இருந்தால், முதலில் எதிராளிக்குக் கடிதம் எழுதி, எவ்வளவு, எதற்காக என்று சொல்லி, 14 நாட்களாவது அவகாசம் கொடுங்கள். ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் பொதுவாக ஆறு ஆண்டுகள். 10,000 பவுண் வரையிலான கோரிக்கைகள் பொதுவாகச் சிறு கோரிக்கை முறையில் விசாரிக்கப்படும். கட்டணம் தொகைக்கேற்ப ஏறும். வருமானம் குறைந்தவர்கள் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

படிவத்தில் நடந்ததைத் தேதி வரிசையில், கோபமின்றி எழுதுங்கள். எழுதியதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழியின் கீழ் திரையில் பெயரைத் தட்டச்சு செய்வது கையெழுத்துக்குச் சமம். பொய்யென்று தெரிந்தே உறுதிமொழி கொடுப்பது நீதிமன்ற அவமதிப்பாகலாம். நம்மவர்களின் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது என்பதால், வாட்ஸ்அப் செய்திகளும் வங்கிக் கணக்கறிக்கையுமே உங்கள் முக்கிய சான்றுகளாக இருக்கும். தமிழில் உள்ள செய்திகளை அப்படியே பதிவேற்றினால் நீதிபதிக்கு விளங்காது. ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எதிராளி மறுத்தால், 2024 மே முதல், சிறு பண வழக்குகள் பெரும்பாலும் கட்டாயமாக ஒரு மணிநேரத் தொலைபேசிச் சமரசத்துக்குச் செல்கின்றன. அதற்குக் கட்டணமில்லை. சமரசர் இரு தரப்போடும் தனித்தனியே பேசுவார்; தீர்ப்பு வழங்கமாட்டார்; ஆனால் அங்கே ஏற்றுக்கொண்ட உடன்பாடு இருவரையும் கட்டுப்படுத்தும். எனவே விளங்காத ஒன்றுக்கு "யெஸ்" என்று சொல்லிவிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால், விசாரணைக்கு முந்தைய வினாக்கொத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். விசாரணை நாளன்று கேட்டால் வழக்கு ஒத்திவைக்கப்படக்கூடும்.

வென்றாலும் பணத்தை நீதிமன்றமே தானாக வசூலித்துத் தராது. எதிராளி கொடுக்காவிட்டால், அவருடைய சம்பளத்திலிருந்து பிடிக்கவோ பெயிலிஃப் (கடனை வசூலிக்க நேரில் வரும் நீதிமன்ற அலுவலர்) அனுப்பவோ நீங்கள் மறுபடியும் விண்ணப்பித்து, மறுபடியும் கட்டணம் செலுத்த வேண்டும். கொடுக்க வழியற்ற ஒருவர்மீது வழக்குப் போடுவதற்கு முன்னரே இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.