டப் டெக்னோ கார்ட்: வைட்டலில் கட்டி, டிலேயில் வளர்ப்பது

டெக்னோவுக்குக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை வேண்டும் என்று, சினிமாப் பாட்டுக்குப் போடுவதுபோல பாருக்கு (நான்கு அடிக்கு) ஒரு கார்ட் என்று நான்கு கார்டைத் தேடத் தொடங்கினால் டெக்னோ அங்கேயே செத்துவிடும். மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னெஸ்டஸும் 1993இல் பெர்லினில் தொடங்கிய பேசிக் சேனல் பதிவுகளைக் கேட்டால் தெரியும்: கார்ட் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். நகர்ந்துகொண்டே இருப்பவை ஃபில்டரும் (ஒலியின் ஒரு பகுதியை வெட்டுவது) எதிரொலியும். கீழே சொல்வது டப் டெக்னோ எனப்படும் அந்த வகைக்கான அமைப்பு. வைட்டல் சிந்தசைசரின் இலவசப் பதிப்பும், உங்கள் ரெக்கார்டிங் மென்பொருளோடு வரும் டிலே (எதிரொலி), ரிவெர்ப் (பெரிய கூடத்தில் கேட்பது போன்ற முழக்கம்), கம்ப்ரஸரும் (ஒலி அளவை அடக்குவது) போதும். வேகம் 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 அடி).

கார்டை விரலால் பிடிக்காமல் சிந்த்துக்குள்ளேயே கட்டிவிடுங்கள். மூன்று ஆஸிலேட்டரிலும் (ஒலியை உண்டாக்கும் பகுதி) சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை). டிரான்ஸ்போஸ் (அரைச்சுரக் கணக்கில் இடமாற்றம்) முதலாவதில் 0, இரண்டாவதில் +3, மூன்றாவதில் +10. இப்போது ஏ கட்டையை மட்டும் அழுத்தினால் ஏ, சி, ஜி மூன்றும் ஒலிக்கும். ஐந்தாம் சுரம் இல்லாத ஏ மைனர் செவன்த். கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்குச் சொன்னால் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம். பஞ்சமத்தை விட்டதால் கார்டின் நிறம் மாறாது, நெரிசல் குறையும். மிடி எண் (ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள எண்) 57இல், அதாவது 220 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். எண்ணைச் சொல்லக் காரணம், இதே கட்டையை ஒரு மென்பொருள் ஏ3 என்றும் இன்னொன்று ஏ2 என்றும் காட்டும்.

மூன்று ஆஸிலேட்டரின் வெளியீடும் ஃபில்டர் 1க்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) திருகியும் ஒலி மந்தமாகவில்லை என்றால் ஏதோ ஒரு ஆஸிலேட்டர் ஃபில்டரைத் தாண்டி வெளியே போகிறது என்று அர்த்தம்.

ஃபில்டர் 24 டெசிபெல் லோபாஸ் (கட்ஆஃபுக்கு மேலே உள்ளதை வெட்டுவது). கட்ஆஃப் 350 ஹெர்ட்ஸ் அளவில், ரெசனன்ஸ் (கட்ஆஃபை ஒட்டிய ஒலியைத் தூக்குவது) கால்வாசி. இரண்டாவது என்வலப்பை (ஒவ்வொரு அடியின் ஏற்ற இறக்கத்தை வரையறுப்பது) கட்ஆஃபில் இணைத்து, உச்சத்தில் 1.5 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை திறக்க விடுங்கள்: அட்டாக் (ஏறும் நேரம்) 0, டிகே (இறங்கும் நேரம்) 250 மில்லி செகண்ட், சஸ்டெய்ன் (இறங்கிய பின் நிற்கும் அளவு) 0. ஒலி அளவுக்கான முதல் என்வலப்பில் அட்டாக் 2, டிகே 350, சஸ்டெய்ன் 0, ரிலீஸ் (கட்டையை விட்டபின் அடங்கும் நேரம்) 200. இங்கே அட்டாக்கையும் 0 ஆக்கினால் ஒவ்வொரு அடிக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். டிலே அதையும் சேர்த்து எண்ணிக் காட்டும். வெலாசிட்டியையும் (கட்டையை அடிக்கும் வேகம்) கட்ஆஃபில் கொஞ்சம் இணைத்தால், மெதுவாக அடித்த கார்ட் இருட்டாகவும் ஓங்கி அடித்தது வெளிச்சமாகவும் வரும்.

அடுத்தது தாளம். ஒரு பாரை 16 படியாகப் பிரித்தால் கிக் (கனத்த டிரம் அடி) 1, 5, 9, 13இல் விழும். கார்டை 3ஆம் படியில் ஒரே ஒரு முறை வையுங்கள். டிலேயைப் புள்ளி வைத்த எட்டாம் பங்கில், அதாவது மூன்று படி இடைவெளியில் வைத்தால் எதிரொலி 6, 9, 12, 15 என்று போய், அடுத்த பாரில் 2, 5 என்று விழும். கிக்கோடு சேர்வது 9உம் 5உம் மட்டும். மற்றவை இடுக்குகளை நிரப்பும். நாலாம் பங்கு டிலே வைத்தால் எல்லா எதிரொலியும் கிக்குகளுக்கு நடுவே ஒரே இடத்தில் விழுந்து, தாளம் மார்ச் பாஸ்ட் ஆகிவிடும்.

125 பிபிஎம்மில் ஒரு அடி 480 மில்லி செகண்ட், மூன்று படி 360. ஃபீட்பேக் (எதிரொலியில் மீண்டும் டிலேக்குள் திரும்பும் பங்கு) 65 சதவீதம் என்றால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிடச் சுமார் 3.7 டெசிபெல் குறையும். 60 டெசிபெல் இறங்க 16 சுற்று, ஏறக்குறைய 6 விநாடி. அதையே 85 ஆக்கினால் 15 விநாடி. ஆகவே ஃபீட்பேக்கை ஓரிடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். 65இல் ஓடவிட்டு, எட்டு பாருக்கு ஒருமுறை அரை பார் மட்டும் 90க்கு ஏற்றி இறக்குங்கள். 100ஐத் தாண்டினால் ஒலி தானே பெருகும். டிலேக்குப் பின்னால் -6 டெசிபெலில் ஒரு லிமிட்டர் (ஒலி அளவுக்கு உச்சவரம்பு வைப்பது) இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம், ஹெட்ஃபோனில் சுத்தமாக வேண்டாம்.

டிலே சுழலுக்குள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வெட்டு மீண்டும் விழுவதால் எதிரொலி தூரம் போகப் போக மங்கும். பழைய டேப் எக்கோவின் அழகு இதுதான். டிலே தனி சென்டில் (ஒலியின் நகல் போகும் தனி வழி), நூறு சதவீதம் வெட் (மூல ஒலி கலக்காமல் எதிரொலி மட்டும்). அதே சென்டில் டிலேக்குப் பின்னால் ரிவெர்ப்: நீளம் 3 விநாடி, கலவை 30 சதவீதம். இரண்டையும் இடம் மாற்றினால் ரிவெர்பின் வால் முழுவதும் திரும்பத் திரும்ப ஒலித்துத் தாளம் கரைந்துபோகும். இடைவெளிப் பகுதிக்கு அது நன்றாகவே இருக்கும்.

சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைத்துக் கனமாக்குவது) போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டின் ஏயும் சியும், அதாவது 220 ஹெர்ட்ஸும் 261.6 ஹெர்ட்ஸும் சேர்ந்து ட்யூப் வகை டிஸ்டார்ஷனுக்குள் போனால், அவற்றின் வித்தியாசமான 41.6 ஹெர்ட்ஸ் புதிதாகப் பிறக்கும். நேராகக் கிக்கின் மடியில் போய் உட்காரும். கிக் திடீரென்று கலங்கினால் பலர் கிக்கைத்தான் திருத்துவார்கள். பழி கார்ட் மேல். சாச்சுரேட்டருக்குப் பின்னால் 150 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டால் தீரும்.

கிக்கால் இயங்கும் சைட்செயினை (கிக் விழும்போதெல்லாம் ஒலியை அடக்கும் கம்ப்ரஸர்) டிலே திரும்பி வரும் டிராக்கில் போடுங்கள், மூலக் கார்டில் வேண்டாம். விகிதம் 4:1, அட்டாக் 2 மில்லி செகண்ட், ரிலீஸ் 180, இறக்கம் 4 முதல் 6 டெசிபெல். ரிலீஸ் 480ஐ நெருங்கினால் கம்ப்ரஸர் மேலே வருவதற்குள் அடுத்த கிக் வந்துவிடும்.

இனிதான் ‘வரிசை’, கார்ட் மாறும் ஒழுங்கு. சிந்த்துக்குள் கட்டிய கார்டாதலால், கட்டையை மாற்றினால் அமைப்பு மொத்தமும் அப்படியே இடம்பெயரும். மெல்லிசைக் குழுவில் கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் அழுத்துவது போல. 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸில் இதற்கென்றே கார்ட் மெமரி இருந்தது. ஏயிலிருந்து +5 போனால் டி, எஃப், சி. எல்லாம் ஏ மைனருக்குள் இருப்பதால் மென்மை. +3 போனால் சி, ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட். பேஸ் (கீழ்ச்சுர வரி) ஏயிலேயே நிற்கும்போது இரண்டு சுரம் அதோடு முட்டும். அந்த முட்டல்தான் டெக்னோவுக்கு வேண்டியது, ஆனால் அந்தக் கார்டை அடுத்தடுத்து ஒரு தடவைக்கு மேல் கொடுத்தால் சலிக்கும். ஏ, ஏ, சி என்று மூன்று பார் வரிசையை நான்கு பார் பேஸுக்கு எதிராக ஓடவிடுங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 12 பார், 23 விநாடி ஆகும்.

கட்ஆஃபில் வேகத்தோடு பூட்டாத ஒரு எல்எஃப்ஓவும் (மெதுவாக ஏறி இறங்கும் தானியங்கி அலை) இருக்கட்டும், 0.07 ஹெர்ட்ஸில். சுற்று ஒன்றுக்குப் பதினான்கு விநாடி. பாரோடு பொருந்தாது, பொருந்தவும் கூடாது. ஒரு இருபது நிமிடம் ஓடவிட்டு ஆடியோவாகப் பதிவு செய்துகொண்டு, நன்றாக விழுந்த எட்டு பாரை வெட்டி எடுங்கள். எடுத்ததை மோனோவில் (இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி) ஒருமுறை கேளுங்கள்: கார்ட் பாதியாக மெலிந்தால் ஒலியை அகலமாக்கும் யூனிசன் டிட்யூனையோ கோரஸையோ குறைக்க வேண்டியிருக்கும்.