பாரிஸ் பிஸ்ட்ரோவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

செப்டம்பர் பிறந்தால் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் புதுமுகங்களை பாரிஸ் மெட்ரோவில் அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர்களில் யாரேனும் அறிமுகமானால், பதினொன்றாம் வட்டாரத்தில் நான் வழக்கமாகச் சாப்பிடும் பிஸ்ட்ரோவுக்கு ஒரு நாள் அழைத்துப் போவேன். வந்த புதிதில் நாங்கள் எங்கே தடுமாறினோமோ அங்கேயே அவர்களும் தடுமாறுகிறார்கள். வணக்கம் சொல்லாமல் நுழைவது, கைதட்டிப் பரிமாறுபவரை அழைப்பது, டிப்ஸ் எவ்வளவு என்று தவிப்பது போன்றவற்றை எந்தப் பயணக் கையேடும் சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிஸ்ட்ரோ மிகச் சிறிய இடம் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சமைக்க ஒருவர், அவருக்கு உதவ ஒருவர், பரிமாற ஒருவரோ இருவரோ. முழங்கை இடிக்கும் நெருக்கத்தில் மேசைகள். அன்று சந்தையில் கிடைத்ததைப் பொறுத்து எழுதி அழிக்கும் கரும்பலகை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சிறிய அளவை மறப்பதால் நேர்பவை.

மூன்று மணிக்குப் போய் நிற்பது

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, மிஞ்சினால் இரண்டரை வரைக்கும்தான் அடுப்பு எரியும். பிறகு இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் கதவு திறந்திருந்தாலும் காப்பியோ ஒயினோதான் கிடைக்கும். லூவர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பசியோடு மூன்றரை மணிக்கு வருகிறவர்கள் பிராசரி என்னும் பெரிய உணவகங்களுக்குப் போகட்டும். அவற்றில் பல நாள் முழுவதும் உணவு தரும். இன்னொன்று: இரண்டு வகை உணவைச் சேர்த்து 20 யூரோவுக்கு முன்பின்னாகத் தரும் மதிய ‘ஃபோர்முல்’ பெரும்பாலும் வார நாட்களில் மட்டுமே. சிக்கனமாக நல்ல சாப்பாடு வேண்டும் என்றால் புதன்கிழமை மதியம் போங்கள். சனிக்கிழமை இரவு வேண்டாம்.

கரும்பலகையில் ‘பஃப்’ என்ற சொல்லைத் தேடுவது

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பிரெஞ்சில் மாட்டிறைச்சியைக் குறிக்கும் ‘பஃப்’ என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். பலகையிலோ பல நாட்களில் அந்தச் சொல்லே இருக்காது. பாவெத், ஓங்லே, ஆந்த்ரகோத், ஃபோ ஃபிலே, ரம்ஸ்தெக் என்று இறைச்சி வெட்டிய பாகத்தின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். அத்தனையும் மாடுதான். தார்தார் என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதுவும் பெரும்பாலும் மாடு, அதுவும் பச்சையாக. ஃபிலே மிஞ்யோன் என்பது அமெரிக்காவில் மாடு, இங்கே பொதுவாகப் பன்றி.

பெரும்பாலோர் சறுக்குவது பிளாங்கெத்தில். பால்வெள்ளைச் சாறு, மிதக்கும் கேரட், காளான், பக்கத்தில் வெண்சோறு. பார்த்தவுடன் கோழிக் குழம்பு என்று நம் கண் முடிவு கட்டிவிடும். ஆனால் மரபான பிளாங்கெத் கன்றுக்குட்டி இறைச்சியில் செய்வது. பாதித் தட்டு முடிந்த பிறகு உண்மை தெரிந்து, ஒரு மாணவி கண்கலங்க எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். பலகையில் இருப்பதைக் காட்டி, இது எந்த விலங்கு என்று தயங்காமல் கேளுங்கள். எந்தப் பரிமாறுபவரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

‘இறைச்சி வேண்டாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது

இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும். சாலட் கேட்டால் அதன்மேல் பன்றிக் கொழுப்புத் துண்டுகளான லார்தோன் தூவியிருக்கும். முட்டைக் கலவை ஊற்றிச் சுடும் கிஷ் லொரேனிலும் அதே லார்தோன்; பருப்பு சாலட்டிலும் அடிக்கடி எட்டிப் பார்க்கும். வெங்காய சூப்பின் அடித்தளம் பெரும்பாலும் மாட்டெலும்பு ரசம். சார்லா பாணி உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுத்தது. ஆகவே இறைச்சி, மீன், லார்தோன், எலும்பு ரசம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை மயோனெஸ், ஆம்லெட் என வழி இருக்கிறது. வெந்தயக்குழம்பின் காரத்துக்குப் பழகிய நாக்குக்கு, கடுகு கலந்த வினிகர் ஊற்றிய, வெங்காய இனத்து லீக் தண்டு ஆச்சரியமாகவே பிடித்துப்போகும். கண்டிப்பான சைவர்களுக்கு ஒரு சேதி: பிரெஞ்சுப் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்த்து உறைய வைப்பவை.

இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையற்காரருக்குக் கை கட்டுண்டு போகும். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் மனமுவந்து ஏதாவது ஏற்பாடு செய்வார்கள்.

மேசைக்கு முன்பதிவு சொல்லிவிட்டுப் போகாமலிருப்பது

இதை எழுதும்போது எனக்கு இன்றும் எரிச்சல் அடங்கவில்லை.

ஒரு கோடை விடுமுறையில் அண்ணனுக்கு வேண்டிய குடும்பம் ஒன்று லண்டன் வழியாக பாரிஸ் வந்தது. எட்டுப் பேர். “ஒரு வேளையாவது நல்ல பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட வேண்டும், தம்பி. நீங்கள் போகும் இடத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள்” என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு என் பெயரில் மேசை சொன்னேன். மாட்டிறைச்சியும் பன்றியும் ஆகாது என்றதும், சமையலையும் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர் அம்மாள் கொஞ்சம் யோசித்து, ஆட்டுக்கால் செய்கிறேன் என்றார். அன்றைய பலகையில் இல்லாத உணவு அது. எலும்போடு கூடிய பின்னங்கால் தசையைப் பூண்டு, தைம், ஒயினோடு மூடிய பாத்திரத்தில் மெல்லிய தீயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும். பதமானதும் கரண்டியால் ஒதுக்கினாலே எலும்பை விட்டுக் கழன்று வரும். எட்டுப் பேருக்கு எட்டுக் கால்கள், கசாப்புக்காரரிடம் தனியாகச் சொல்லி வாங்கியவை.

வரவேற்பதற்காக நான் முன்னதாகவே போய் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஏழரை மணியிலிருந்து வாசலில் வந்து இடம் கேட்டவர்களையெல்லாம் அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எட்டேகால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று. பெரியவரின் தொலைபேசி அணைந்திருந்தது. எட்டே முக்காலுக்கு, சேர்த்துப் போட்டிருந்த மேசைகளை அந்த அம்மாள் பிரித்துப் போட்டார். அதற்குள் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் வேறு கடைகளில் முதல் வகையை முடித்திருப்பார்கள். ஒன்பதரைக்கு ஒரு ஜோடி வந்து, இனிப்பும் காப்பியும் மட்டும் சாப்பிட்டுப் போனது.

மறுநாள் காலையில் பெரியவர் அழைத்தார். படகுச் சவாரி முடிய நேரமாகிவிட்டதாம், பிள்ளைகளுக்குப் பசியாம், வழியிலேயே சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்களாம். “ஹோட்டல்தானே தம்பி, வேறு யாராவது வந்து சாப்பிட்டிருப்பார்கள்.”

அந்த ஆட்டுக்காலைச் சாப்பிட யாரும் வரவில்லை. நான் பணம் கொடுக்க முன்வந்தும் அந்த அம்மாள் வாங்கவில்லை. மறுநாள் அந்தக் கால்களின் இறைச்சியை உதிர்த்து, மேலே உருளைக்கிழங்கு மசியலைப் பரப்பிச் சுட்டு, பார்மாந்தியே என்று குறைந்த விலைக்கு விற்றார். முப்பது இருக்கைகூடத் தேறாத கடையில், வாரத்தின் முக்கியமான இரவில், எட்டு இருக்கைகள் காலி. வாடகையும் உதவியாளின் சம்பளமும் மின்கட்டணமும் அதற்காகக் குறையப் போவதில்லை. வந்து காத்திருந்து திரும்பியவர்களின் வரவும் போயிற்று.

நம் ஊர் மெஸ்ஸில் யாரும் பெயர் சொல்லி இடம் பிடிப்பதில்லை. ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி உட்காரும். அந்தப் பழக்கத்தில்தான் பெரியவர் பேசினார். ஆனால் இங்கே மேசை சொல்வது ஒப்பந்தத்துக்குச் சமம். இன்ன நாள், இன்ன நேரம், இத்தனை தலை என்று நீங்கள் சொன்ன கணக்கை வைத்துத்தான் காலையில் மீனும் ரொட்டியும் வாங்குகிறார்கள். ஆறு என்று சொல்லிப் பத்துப் பேராகப் போவதும் இதே குற்றம்தான். சுவரைத் தள்ளிவைத்தா இடம் தருவார்கள்?

இளைஞர்கள் இப்போது செய்வது இதைவிட மோசம். ஒரே இரவுக்கு மூன்று கடைகளில் பதிவு செய்துவிட்டு, கடைசி நேரத்தில் மனம் போன இடத்துக்குப் போகிறார்கள். மற்ற இரண்டு கடைகளுக்கும் தகவல் போவதில்லை. இப்படிப்பட்டவர்களால்தான் பல உணவகங்கள் பதிவின்போதே வங்கி அட்டை எண்ணை வாங்கிவைத்து, வராத ஒவ்வொரு தலைக்கும் பணம் பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன.

வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லுங்கள். அது முடியாவிட்டால் அன்று காலையில் சொல்லுங்கள். அதுவும் தவறினால் ஆறு மணிக்காவது சொல்லுங்கள். வாசலில் வருகிறவருக்கு அந்த இடத்தைக் கொடுக்க அப்போதும் அவகாசம் இருக்கும். பிரெஞ்சு தெரியாது என்பது சாக்காகாது. பெயர், நேரம், ரத்து என்று பொருள்படும் ‘அன்யுலே’ என்ற ஒரு சொல், இவற்றைத் தொலைபேசியின் தானியங்கிப் பதிவில் விட்டாலே புரிந்துகொள்வார்கள். தாமதமானாலும் தெரிவியுங்கள்: பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு மேசையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு, அதில் தப்பே இல்லை.

தண்ணீருக்குக் காசு கொடுப்பது

‘கராஃப் தோ’ என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் இலவசம். அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது.

பில் வரும் என்று காத்திருப்பது

கேட்காமல் வராது. உங்களை அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் மரியாதை.

ஒரு தட்டை நால்வர் பகிர்வது

இனிப்பில் சரி. முதன்மை உணவில் கூடாது.

பெயர் பிடித்திருக்கிறதே என்று ஆந்துயெத் வாங்குவது

பன்றிக்குடல் அடைத்த பன்றிக்குடல். வாடை தட்டுக்கு முன்னால் வந்து சேரும். பிடித்தவர்களுக்கு உயிர், முதல் முறை பக்கத்து மேசைக்காரரின் முகத்தையும் தட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆகஸ்டில் விசாரிக்காமல் போவது

பல கடைகள் சில வாரங்கள் மூடியிருக்கலாம். மற்ற மாதங்களிலும் ஞாயிறு, திங்கள் விடுமுறை சகஜம். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.