தேர்தல் நாள் லீவு: கொழும்பில் கடை, ஒபிஸ் நடத்துபவர்கள் சம்பளம் வெட்டாமல் கொடுப்பது எப்படி

வாக்குப் போட லீவு கொடுக்க வேண்டும் என்று எல்லா முதலாளிமாருக்கும் தெரியும். பெரும்பாலானோர் கொடுக்கவும் செய்கிறார்கள். சிக்கல் வருவது மாதக் கடைசியில். சம்பளத் தாளைப் பார்த்தால் அந்த நாளுக்கு 'நோ பே' (சம்பளமில்லா நாள்) விழுந்திருக்கும், அல்லது கெஷுவல் லீவில் ஒன்று குறைந்திருக்கும். அந்த இடத்தில் சட்டத்தை மீறியாகிவிட்டது. வாய்ச்சொல்லில் கொடுத்த லீவு கணக்குக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் இங்கே அதிகம் பார்க்கப் போகிறோம்.

சட்டம் சொல்வது

1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 122ஆம் பிரிவில் கவனிக்க வேண்டிய சொற்கள் நான்கு. ஊழியர் *எழுத்தில்* கேட்க வேண்டும். லீவு *சம்பள இழப்பில்லாமல்* இருக்க வேண்டும். *தொடர்ச்சியாக* இருக்க வேண்டும். *4 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது*. ஜனாதிபதி, மாகாண சபை, உள்ளூராட்சித் தேர்தல்களுக்கும் இதே ஏற்பாடுதான். மீறினால் நீதவான் முன் விசாரிக்கப்படக்கூடிய குற்றம். அரசாங்க ஊழியர்களுக்குத் தாபன விதிக்கோவை இருக்கிறது. இந்தப் பதிவு தனியார் துறைக்கு.

4 மணித்தியாலம் என்பது அடிமட்டம். கோட்டையில் வேலை, கொட்டாஞ்சேனையில் வாக்கு என்றால் அது போதும். பருத்தித்துறையில் வாக்கு உள்ளவருக்கு 4 மணித்தியாலத்தில் குருநாகலைத் தாண்டிப் போவதே பெரிய காரியம். அதனால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பரிந்துரையை ஒட்டித் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்துவரும் தூரக் கணக்கைப் பின்பற்றுங்கள். வேலைத்தளத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் வரை:

- 40 கிலோமீற்றர் வரை: அரை நாள்
- 40 முதல் 100 வரை: 1 நாள்
- 100 முதல் 150 வரை: ஒன்றரை நாள்
- 150க்கு மேல்: 2 நாள்

படி 1: விண்ணப்பத்தை எழுத்தில் வாங்குங்கள்

"அண்ணே, ஊருக்குப் போய் வாக்குப் போட்டுட்டு வாறன்" என்று கடைப் பொடியன் சொல்ல, "சரி போயிட்டு வா" என்று நீங்களும் சொன்னால் இரண்டு பேருக்கும் கையில் ஒன்றும் இல்லை. நீங்களே ஒரு தாளை அச்சடித்துக் கொடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். நாலு வரி போதும்:

"நான் ______ தேர்தல் மாவட்டத்தில் ______ வாக்களிப்பு நிலையத்தில் வாக்களிக்கத் தகுதி பெற்றுள்ளேன். ______ திகதி நடைபெறும் தேர்தலில் வாக்களிப்பதற்கு ______ முதல் ______ வரை சம்பளத்துடனான விசேட லீவு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) இலக்கம், கையொப்பம், திகதி."

தேர்தல் திகதி தெரிந்த வாரமே தாளைக் கொடுத்து, வாக்களிப்புக்குப் பத்து நாள் முந்திய திகதியைக் கடைசியாக வையுங்கள். அந்தத் திகதி ரோஸ்டர் போடுகிற உங்கள் வசதிக்கு மட்டும். இரண்டு நாள் பிந்தித் தந்தார் என்று ஒருவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் வாங்கலாம், ஆனால் எனக்குத் தாள்தான் விருப்பம். போன் மாறினால் செய்தி போய்விடும். ஃபைலில் குத்தி வைத்த தாள் அடுத்த தேர்தல் வரைக்கும் இருக்கும்.

படி 2: தூரத்தை அளப்பது

கூகுள் மேப்ஸில் வீதித் தூரத்தை எடுங்கள். நேர்கோட்டுத் தூரம் பஸ்ஸுக்கு உதவாது. புறக்கோட்டையிலிருந்து நீர்கொழும்பு 40க்குள் அடங்கும். கண்டி, ஹட்டன் இரண்டும் ஒன்றரை நாள் வரிசை. மட்டக்களப்பு 300ஐத் தாண்டும், யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400. இரண்டுக்கும் 2 நாள்.

தகராறு வருவது எல்லைக்கோட்டில்தான். களுத்துறைக்காரருக்கு ஒரு வழியில் 39, இன்னொரு வழியில் 43 காட்டும். பஸ் எந்த வழியால் போகிறதோ அந்தத் தூரத்தை எடுங்கள். இன்னும் சந்தேகம் என்றால் ஊழியர் பக்கம் தீர்த்துவிடுங்கள். அரை நாள் சம்பளத்துக்காக மல்லுக்கட்டுவதில் லாபமில்லை. மலையகத்தவருக்கு இன்னொன்று: நகரம் வரைக்கும் மட்டும் அளக்காதீர்கள். ஹட்டனில் இறங்கியபின் தோட்டத்துக்கு ஓட்டோவிலோ நடந்தோ போக வேண்டிய தூரமும் உண்டு; வாக்களிப்பு நிலையம் தோட்டப் பாடசாலையில் இருக்கும்.

படி 3: மணிக்கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்

ஒபிஸ் 8.30க்குத் தொடங்குகிறது. உங்கள் லீவுப் புத்தகத்தில் 'அரை நாள்' என்றால் 8.30 முதல் 12.00 வரை. கூட்டிப் பாருங்கள், மூன்றரை மணித்தியாலம். சட்டத்துக்கு அரை மணித்தியாலம் பற்றாது. வழக்கமான அரை நாளை அப்படியே போட்டால் தெரியாமலே குற்றமாகிறது. 12.30 வரை என்று எழுதிக் கொடுங்கள்.

பின்னேர அரை நாள் இதைவிட மோசம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பு மாலை 5 மணி வரை நடந்தது. 2024 செப்டெம்பர் 21, நவம்பர் 14, 2025 மே 6 ஆகிய மூன்று தேர்தல் நாட்களிலும் காலை 7 முதல் மாலை 4 வரைதான். பகல் 1 மணிக்கு அனுப்பினால் கையில் மூன்று மணித்தியாலம்தான் மிஞ்சும். மழை, வாகன நெரிசல், வரிசை எல்லாம் அதற்குள். கிட்ட வாக்குள்ளவர்களைக் காலையில் விடுங்கள், அல்லது 11 மணிக்கே அனுப்பிவிடுங்கள்.

காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு என்று பிரித்துக் கொடுக்கவும் முடியாது. 'தொடர்ச்சியாக' என்ற சொல் அதற்குத்தான் இருக்கிறது.

2 நாள் கிடைப்பவருக்கு எந்த இரண்டு நாள் என்பதை அவரையே கேளுங்கள். முந்திய நாளும் வாக்களிப்பு நாளுமா, வாக்களிப்பு நாளும் மறுநாளுமா என்பது இரவு பஸ்ஸில் ஏறுகிறாரா, ரயிலில் இடம் கிடைத்ததா என்பதைப் பொறுத்தது.

படி 4: பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

இந்தப் படியைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். லீவு கேட்டவர்கள் யார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று ஒரு கூற்றைத் தயாரித்து வேலைத்தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். இதுவும் சட்டக் கடமை. நாலு பேர் வேலை செய்கிற கடை என்றாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கட்டும். பெயர், லீவு தொடங்கும் நேரம், முடியும் நேரம் போதும். அடையாள அட்டை இலக்கத்தைச் சுவரில் போட வேண்டாம். ஒட்டியபின் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 5: சம்பளத் தாள்

கைவிரல் மெஷினுக்குத் தேர்தல் தெரியாது. விரல் வைக்கவில்லை என்றால் 'வரவில்லை' என்று எழுதும். யாரும் திருத்தாவிட்டால் அது நேரே நோ பே ஆகும்.

உதாரணத்துக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபா. யாழ்ப்பாணம் போய்வந்த 2 நாள் நோ பே ஆனால், 30ஆல் பிரிக்கிற கணக்கில் 4,000 ரூபா வெட்டு. அத்தோடு முடியாது. ஈ.பி.எஃப். 60,000க்குப் பதில் 56,000இல் கணக்கிடப்படும்: ஊழியரின் 8 வீதம் 4,800இலிருந்து 4,480 ஆகும், உங்கள் 12 வீதம் 7,200இலிருந்து 6,720 ஆகும். ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.) 3 வீதமும் குறையும். முழுநாளும் வந்தால் தரும் வருகை ஊக்குவிப்புத் தொகை இருந்தால் அதுவும் பறக்கும். கார்மென்ட்களில் ஊழியர்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான். "அது சம்பளமில்லை, இன்சென்டிவ்" என்று எச்.ஆர்.காரர் வாதாடலாம். வாக்குப் போடப் போனதால் கைக்கு வரும் காசு குறைந்தது என்றால் அந்த வாதம் எனக்குப் பலமாகப் படவில்லை.

செய்ய வேண்டியது:

மென்பொருளில் 'வாக்களிப்பு லீவு' என்று தனிக் குறியீடு ஒன்றைத் திறங்கள். வருடாந்த லீவு, கெஷுவல் லீவு, மருத்துவ லீவு எதிலிருந்தும் கழியாதபடியும் வருகைக் கணக்கில் 'வந்தார்' என்று விழும்படியும் அமைக்க வேண்டும். ஒன்றரை நாள் லீவில் முந்திய நாள் காலை வந்து பகலோடு போகிறவரை மெஷின் முழுநாளும் வரவில்லை என்று எடுக்கக்கூடும், அதைத் தனியாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னோ பின்னோ வராவிட்டால் ஞாயிறையும் சேர்த்து வெட்டும் விதி சில மென்பொருட்களில் உண்டு, அதையும் அந்த வாரத்துக்கு நிறுத்துங்கள்.

சிறிய இடம் என்றால் இந்த மென்பொருளெல்லாம் எதற்கு, எக்செல் போதும். சம்பளம் போடும் முன் சுவரில் ஒட்டிய பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுச் சரிபாருங்கள். பத்து நிமிட வேலை. நாட்கூலிக்காரரையும் மறக்காதீர்கள். அவருக்கும் அந்த நாள் சம்பள நாள்.

பின்சேர்ப்பு: வாசகர்கள் கேட்டவை

*வாக்காளர் அட்டை வராமல் லீவு கொடுக்கலாமா?* கொடுக்க வேண்டும். அட்டை இல்லாமலே வாக்களிக்கலாம், ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணம் ஒன்றுதான் கட்டாயம். சந்தேகமென்றால் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுத் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) பெயர் இருக்கிறதா என்று ஊழியரையே பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். மூல அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

*திரும்பி வந்ததும் விரலில் மை பார்க்கலாமா?* வேண்டாம். லீவு விண்ணப்பத்தின் பேரில் கொடுப்பது, மையின் பேரில் அல்ல. யாருக்குப் போட்டாய் என்று விளையாட்டுக்கும் கேட்காதீர்கள். சம்பளம் கொடுக்கிறவர் கேட்டால் அது விளையாட்டாக இராது.

*செக்கியூரிட்டி, துப்புரவு வேலைக்கு மேன்பவர் கொம்பனி ஆள் அனுப்புகிறது. யார் கொடுப்பது?* சம்பளம் போடுகிற கொம்பனி. ஆனால் கேற்றில் ஆள் இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் தலையிடி. மாற்று ஆளை ஒரு வாரம் முன்பே கடிதத்தில் கேளுங்கள். இரவு 7 முதல் காலை 7 வரை நின்ற காவலாளி "பகலில் ஓய்வுதானே" என்ற பேச்சைக் கேட்க வேண்டியவரல்லர். அவருடைய வாக்கு திருகோணமலையில் இருந்தால் அந்த இரவுக் கடமையே அவருக்கு இருக்கக்கூடாது.

*சனிக்கிழமை தேர்தல், எங்களுக்கு ஐந்து நாள் வேலை. அப்போது?* கொழும்பில் வாக்குள்ளவருக்கு லீவு தேவைப்படாது. யாழ்ப்பாணத்துக்குப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம். வெள்ளி மாலை 5.30க்கு ஒபிஸிலிருந்து இறங்கி, கிடைத்த பஸ்ஸில் விடிய விடியப் போய் வரிசையில் நிற்கச் சொல்வதற்கா அந்த 2 நாள் கணக்குப் போட்டார்கள்?

*எங்கள் ஆட்களுக்குத் தபால் வாக்கு எடுக்க முடியாதா?* சாதாரணத் தனியார் கடை, ஒபிஸ் ஊழியருக்கு அந்த வசதி இல்லை. படி 1க்குப் போங்கள்.