லிங்க் திறக்கவில்லை என்று ஆப்பை அழிக்காதீர்கள்

ஸூம், கூகுள் மீட் போன்ற ஆன்லைன் மீட்டிங் தொடங்க 2 நிமிடம் இருக்கும்போது லிங்க் வேலை செய்யவில்லை என்றால், பலரும் முதலில் கை வைப்பது ஆப்பில்தான். அழித்துவிட்டு மறுபடி இறக்குவார்கள். அது இறங்க வேண்டும், லாகின் கேட்கும், ஓடிபி வர வேண்டும், மைக், கேமரா அனுமதி எல்லாம் புதிதாகக் கேட்கும். அதற்குள் கூட்டம் பாதி முடிந்துவிடும். கோளாறு பெரும்பாலும் ஆப்பில் இருப்பதே இல்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கலைப்பதுதான் முதல் தவறு. திரையில் ஒரு வரி வந்திருக்கும், அதைப் படியுங்கள்.

பாஸ்கோடு கேட்கிறதா? அப்படியானால் லிங்க் அரைகுறையாக வந்திருக்கலாம். ஸூம் லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் நீளமான எழுத்துக் குவியலுக்குள்தான் பாஸ்கோடு ஒளிந்திருக்கிறது. காப்பி செய்யும்போது அந்த வால் விட்டுப்போனால் தனியாகக் கேட்கும். கையால் அடித்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஏற்காது. போனில் யாராவது சொல்லக் கேட்டு எழுதினீர்களா? ஸூம் மீட்டிங் ஐடி 9 முதல் 11 இலக்கம் வரை இருக்கும், எண்ணிப் பாருங்கள். கூகுள் மீட் கோடு 10 ஆங்கில எழுத்து, 3-4-3 என்று பிரிந்திருக்கும். அதில் எண்ணே வராது என்பதால் அது 1-ஆ, l-ஆ என்று குழம்ப வேண்டியதில்லை, எழுத்துதான். பழைய அழைப்பிதழைத் தோண்டி எடுத்து அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்கைப் லிங்க் என்றால் முயற்சியே வேண்டாம், மைக்ரோசாஃப்ட் அதை 2025 மே மாதத்தில் மூடிவிட்டது.

லிங்க் சரியாக இருந்தும் 'இந்த அழைப்பில் சேர முடியாது' என்று வந்தால், நீங்கள் எந்த அக்கவுண்டில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே பிரவுசரில் சொந்த மெயில், அலுவலக மெயில் இரண்டும் திறந்திருந்தால், பிரவுசர் முதலில் லாகின் செய்ததையே எடுத்துக்கொள்ளும். அழைப்பு வந்ததோ மற்றதற்கு. சேரும் பக்கத்திலேயே அக்கவுண்டை மாற்றிக்கொள்ள வழி இருக்கும். அது பிடிபடாவிட்டால் இன்காக்னிட்டோ (பழைய லாகின் எதுவும் இல்லாத தனி) ஜன்னலில் அழைப்பு வந்த மெயிலில் மட்டும் லாகின் செய்து திறங்கள்.

ஹோஸ்ட் (கூட்டத்தை நடத்துபவர்) உள்ளே விடும்வரை வெயிட்டிங் ரூமில் நிற்பது கோளாறே அல்ல. அதைப் புரிந்துகொள்ளாமல் வெளியே போய் வெளியே போய் வருவதுதான் தொல்லை. அதைவிட முக்கியம், உங்கள் பெயர். பலருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போனின் மாடல் பெயர்தான் தெரியும். 'ஐபோன்' என்று ஒருவர் கதவைத் தட்டினால், யாரென்று தெரியாமல் ஹோஸ்ட் எப்படி உள்ளே விடுவார்? சேரும் முன் பெயரைச் சரிசெய்யுங்கள்.

உள்ளே போன பிறகு வரும் தொந்தரவுகளில் அதிகம் சத்தம் சம்பந்தப்பட்டவைதான். போனில் ஸூம் திறந்ததும், ஆடியோ எதன் வழியாக வேண்டும் என்று கேட்கும். அவசரத்தில் அதை மூடிவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். மைக் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்போன் படம் தெரிந்தால், நீங்கள் இன்னும் ஆடியோவில் சேரவே இல்லை என்று அர்த்தம். அதை ஒருமுறை தட்டினால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் இல்லையா? மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் ப்ளூடூத் இயர்போன் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மைக், கேமராவுக்கு அனுமதி கேட்கும்போது கை தவறி 'பிளாக்' அழுத்திவிட்டால் பிரவுசர் அநேகமாக மறுபடி கேட்காது. முகவரிப் பட்டையில் இருக்கும் சின்னப் படத்தை அழுத்தி அனுமதியை மாற்றி, பக்கத்தை ரீலோட் செய்ய வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில் மைக், கேமராவுக்கு இன்னொரு பூட்டு உண்டு, அங்கேயும் அனுமதி கொடுக்க வேண்டும். மேக்கில் அனுமதி கொடுத்த பிறகு ஆப்பை முழுசாக மூடித் திறந்தால்தான் பெரும்பாலும் எடுபடும். பேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பக்கத்தில் மைக் வேலை செய்யாமல் போகலாம். லிங்க்கை குரோமிலோ சஃபாரியிலோ ஒட்டுங்கள். கேமரா மட்டும் கறுப்பாக இருந்தால் வேறு ஆப் ஏதாவது அதைப் பிடித்து வைத்திருக்கிறதா, லேப்டாப்பின் கேமரா மூடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். (இந்த மூடியை மறந்துவிட்டு டிரைவர் அப்டேட் வரை போகிறவர்கள் உண்டு.)

நெட் மந்தமாக இருக்கிறது என்று வெளியேறி மறுபடி சேர்வதில் பயன் குறைவு. முதலில் வீடியோவை அணையுங்கள். ஸூமில் இருவர் மட்டும் பேசும் அழைப்பிலேயே 720பி (எச்டி) வீடியோவுக்கு நொடிக்கு 1.2 மெகாபிட் அளவு வேண்டும், குரலுக்கு மட்டும் என்றால் 100 கிலோபிட்டே தாராளம். விபிஎன் (இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் வசதி) ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள். எந்தத் தளமுமே 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுத்தால், கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பார்ப்பது நல்லது. கடிகாரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் ஹோஸ்டுக்கு 'உள்ளே வர முடியவில்லை' என்று மட்டும் அனுப்பாதீர்கள். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. திரையில் வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட், எந்த மெயிலில் லாகின் செய்தீர்கள், போனா கணினியா, இந்த மூன்றையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள்.