ஆண்டு முழுக்கப் பூக்கும் தோட்டம்: எந்த மாதத்துக்கு எந்தச் செடி?

சித்திரையில் நர்சரிக்குப் போனால் மல்லிகை கண்ணைப் பறிக்கும். மார்கழியில் போனால் செவ்வந்தி. அன்றைக்கு எது பூத்து நிற்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் வண்டியில் ஏற்றுகிறோம். அப்படி ஒரே நாளில் பூவைப் பார்த்து வாங்கிய செடிகளில் பாதிக்கு மேல் ஒன்றாகப் பூத்து ஒன்றாக ஓய்ந்துவிடும். பிறகு நாலு மாதம் வெறும் இலைதான். பூவைப் பார்த்து வாங்காமல் மாதத்தைப் பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கல் வராது. அதை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன்.

இது தமிழ்நாட்டுச் சமவெளிக்கான கணக்கு. ஊட்டி, கொடைக்கானலுக்குச் சரிவராது. ஒருமுறை வைத்தால் பல வருடம் நிற்கும் செடிகள் மட்டும்தான் இதில் வரும். காசித்தும்பை, செண்டுமல்லி போல ஒரே பருவத்தில் முடிகிறவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: வெயிலைக் கவனியுங்கள்

காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று வேளை இடத்தைப் பாருங்கள். ஆறு மணி நேர வெயில் விழும் இடம் மல்லிகை, செம்பருத்தி, அரளி, காகிதப்பூவுக்கு. மூன்று, நாலு மணி நேரம்தான் கிடைக்கிறதென்றால் கனகாம்பரம், நந்தியாவட்டை, டிசம்பர் பூ.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஆனியில் வடக்கே ஏறும். கோடையில் நல்ல வெயில் பட்ட வடக்குச் சுவரோரம் மார்கழியில் நிழலாகிவிடும். குளிர்காலத்தில் பூக்க வேண்டிய செடிக்கு வீட்டின் தெற்குப் பக்கம்தான் சரி.

படி 2: பன்னிரண்டு கட்டம் போடுங்கள்

ஒரு தாளில் மாதத்துக்கு ஒரு கட்டம். கைவசம் இருக்கிற செடிகள் எந்தெந்த மாதம் பூக்கின்றன என்று எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் பங்குனியிலிருந்து ஆடி வரை கட்டம் நிரம்பி வழியும். ஐப்பசியிலிருந்து தை வரை ஒன்றிரண்டு பெயர்கூடத் தேறாது. அடுத்து வாங்க வேண்டிய செடி அந்தக் காலிக் கட்டத்துக்கானது. பட்டியல் அவ்வளவுதான்.

படி 3: எப்போதும் பூக்கிறவை முதலில்

முதல் செலவு இவற்றுக்குத்தான். மொத்தச் செடிகளில் பாதிக்கு மேல் இவையாக இருக்கட்டும்.

நாட்டுச் செம்பருத்தி: சிவப்பு, ஒற்றை அடுக்கு. ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் மறுநாள் இன்னொன்று தயாராக இருக்கும். கலர் கலராக வரும் ஒட்டு ரகங்கள் பார்க்க அழகு, புதிதாகத் தொடங்குபவருக்குத் தொல்லை. எந்த ரகமானாலும் மாவுப்பூச்சி தேடி வரும். நுனித் தளிர் சுருண்டு வெள்ளையாகப் பஞ்சு பிடித்திருந்தால் அந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேப்ப எண்ணெயில் சில துளி சோப்புக் கரைசலும் தண்ணீரும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

நந்தியாவட்டை: நான் சிபாரிசு செய்யும் முதல் செடி இதுதான். அரை நிழலிலும் பூக்கும், கவனிப்பு அதிகம் கேட்காது.

இட்லிப்பூ நல்ல வெயிலில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். உப்பான போர்த் தண்ணீர் மட்டுமே ஊற்றினால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச் சத்துக் குறைவு. மழைநீர் சேமித்து ஊற்ற முடிந்தால் நல்லது.

அரளிக்கு எந்த வறட்சியும் பொருட்டில்லை, நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நிற்பதே சாட்சி. ஆனால் வேர் முதல் பூ வரை எல்லாமே விஷம். குழந்தையோ ஆடு மாடோ இருக்கிற வீட்டில் வேண்டாம். நித்தியகல்யாணியும் வாயில் வைக்கக்கூடாததுதான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், மற்றபடி சொன்ன பேச்சு கேட்கும்.

படி 4: பருவத்துக்கு ஒன்றிரண்டு

கோடைக்கு மல்லிகை. மார்ச்சில் தொடங்கி வெயில் ஏற ஏறப் பூக்கும். கூடவே காகிதப்பூ. இதற்குத் தண்ணீரைத் தாராளமாக விட்டால் இலையாகத் தழைக்கும். மண் காய்ந்த பிறகு ஊற்றினால்தான் கலர் காட்டும்.

ஆவணி, புரட்டாசியிலிருந்து பவளமல்லி. சாயங்காலம் விரிந்து விடியலில் உதிரும். வளர்ந்தால் சிறு மரம், தரையில் இடம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

மழைக்காலத்துக்கு டிசம்பர் பூ. பேருக்கு ஏற்றாற்போல மழை முடியும் நேரத்தில் ஊதாவிலும் வெள்ளையிலும் செடி முழுக்கப் பூக்கும். குச்சி ஒடித்து நட்டாலே வரும் என்பதால் காசு கொடுத்து வாங்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். கொடி வளர்க்க வேலி இருந்தால் செங்காந்தளும் நன்றாக இருக்கும். மழையில் பூத்துப் பிறகு காய்ந்து மறையும். செத்துவிட்டதென்று தோண்டாதீர்கள், கிழங்கு உள்ளே உறங்குகிறது. அந்தக் கிழங்கும் கடும் விஷம்.

மார்கழி, தைக்குச் செவ்வந்தி. பூத்து முடிந்ததும் பிடுங்கிப் போடுகிறார்கள். அடியில் பக்கக் கன்று வரும். அதைப் பிரித்து நட்டால் அடுத்த வருடத்துக்கும் செடி தயார். இரவு நீண்டால்தான் இது மொட்டு வைக்கும். தெருவிளக்கோ மாடி விளக்கோ ராத்திரி முழுக்க மேலே எரிந்தால் நன்றாகத் தழைத்தும் பூக்காமல் நிற்கும். உரத்தைக் குறை சொல்லாமல் தொட்டியை நகர்த்துங்கள்.

படி 5: நடவு

ஆடி, ஆவணி நல்ல காலம். வேர் பிடித்த பிறகு மழை வரும். சித்திரை, வைகாசியில் நட்டால் தண்ணீர் ஊற்றியே கை சோர்ந்துவிடும். தரையென்றால் ஒன்றரை அடிக் குழி. தொட்டிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு அலசிய தேங்காய் நார்க்கழிவு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. கனகாம்பரத்துக்கு 12 அங்குலத் தொட்டி போதும். மல்லிகைக்கு 15க்குக் குறைய வேண்டாம்.

படி 6: கவாத்து

புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். வெட்டாத மல்லிகை பழைய குச்சியாக நீண்டுகொண்டே போகும். பூ வருவது புதுத் தளிரில். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் விட்டு மேலே இருப்பதை வெட்டுங்கள், மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். சில நாள் மொட்டையாக நிற்கும், பதற வேண்டாம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மல்லிகை இரண்டு வைத்திருந்தால் ஒன்றை நவம்பரிலும் மற்றதைச் சில வாரம் தள்ளியும் வெட்டுங்கள்; ஒன்று ஓயும்போது மற்றது பிடித்துக்கொள்ளும்.

செம்பருத்தியை மழை முடிந்து தை கடைசியில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும்.

கனகாம்பரத்துக்கு இப்படி நாள் கிடையாது. கதிரில் பூ அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். நுனி வரை பூத்துக் கதிர் காய்ந்ததும், அதற்குக் கீழே இரண்டு இலை சேர்த்து வெட்டுங்கள். அங்கிருந்து புதுக் கிளை வரும். விதை வேண்டுமென்றால் சில கதிர்களை மட்டும் விடலாம். காய்ந்த காய் மழையில் நனைந்ததும் பட்டென்று வெடித்து விதையைச் சிதறடிக்கும், அதனால் மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது. அதற்குக் குச்சி நடவுதான்.